கப்பலில் வராத இருபத்து மூன்றாம் அத்தியாயம்

அடுத்த மாதத்திலிருந்து போர்ட் பிளேர் மன்றத்து நூலகத்தையும், மாத மடலில் வரும் நூல் அறிமுகப் பக்கத்தையும் நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். ஒப்படைப்புப் பட்டியலை நேற்று எழுதி முடித்தேன். அலமாரிச் சாவிகள் நான்கு, புத்தகப் பதிவேடு, வாசகர் பதிவேடு, ரப்பர் முத்திரை, பாச்சை உருண்டை டப்பா என்று முதல் பத்து இனங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பதினோராவது இனத்துக்கு வேண்டும். 'உறை ஒன்று, உள்ளே அச்சிட்ட தாள்கள் மூன்று' என்று எழுதியிருக்கிறேன். அது என்ன என்று செயலாளர் கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன்.

பகலில் நான் அரசாங்க குமாஸ்தா. மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நூலகம். புத்தகம் சிபாரிசு செய்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாசகர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்போது சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டதுதான். சௌல்தாரி கிராமத்திலிருந்து மாதம் ஒரு முறை பஸ்ஸில் வருகிற விவசாயி ஒருவர் இருந்தார். நான் புகழ்ந்து கொடுத்த நாவலை மேசையில் வைத்துவிட்டு, வேறு புத்தகம் கேட்காமல் நின்றார்.

"நல்லா இல்லையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் கஷ்டமே. கடைசியில அவன் ஊருக்குப் போயிர்றான். படிச்சிட்டு நாலு நாளா வயல்ல கை ஓடல. ஊருக்குத் திரும்பிப் போற கதை மட்டும் வேணாம் சார். வேற எந்தக் கஷ்டம் வேணாலும் குடுங்க, தாங்கிக்கிறேன்."

அன்றிலிருந்து அப்படி முடிகிற நாவல்களுக்கு எதிரே பதிவேட்டில் பென்சிலால் சின்னதாக ஒரு கப்பல் வரைந்து வைத்தேன். ஏதோ குழந்தை கிறுக்கியது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கப்பல் போட்டவை மோசமான புத்தகங்கள் அல்ல. யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டியவை.

இனி அந்த மூன்று தாள்கள்.

அப்போது நம்மிடம் இருந்த நாவல்களில் பாதிக்கு மேல் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள். மெயின்லேண்டில் வாரத்துக்கு ஒரு அத்தியாயம் படிப்பார்கள். நமக்கு ஜஹாஸ் வருகிற அன்று மூன்று நான்கு இதழ்கள் ஒரே கட்டாகக் கப்பலிலிருந்து இறங்கும். தொடர் முடிந்ததும் உறுப்பினர்களிடமிருந்து இதழ்களை வாங்கி, கதைத் தாள்களை மட்டும் பிரித்து அடுக்கி, பைண்டு செய்யக் கொடுப்போம். அபர்தீன் பஜாரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்த பாய்தான் பைண்டு செய்வார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கதை வாசிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே தையல் போடுவார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு முறை இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். என் மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில்தான் இருந்தார்கள். மனைவி ஒரே ஒரு தடவை இங்கே வந்தாள். வரும் வழியெல்லாம் வாந்தி. வந்த பிறகு மழை. ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போனவள் மறுபடி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் விடுப்பில் போகும்போதெல்லாம் தெருவில், கோயிலில், கல்யாண வீட்டில், "ஏன் குடும்பத்தை அழைச்சிட்டுப் போகல?" என்று கேட்பார்கள். அந்த இரண்டு மாதமும் எல்லோருக்கும் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தேன். காரணத்தைச் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது புதிதாகப் பைண்டு செய்த தொடர்கதை ஒன்று அலமாரியில் இருந்தது. நான் இல்லாதபோது பொருளாளர் இதழ்களைச் சேகரித்து பாயிடம் கொடுத்திருந்தார். முதல் வேலையாக அதைத்தான் எடுத்துப் படித்தேன். பெயர் இங்கே வேண்டாம். தவறு என்னுடையது, எழுதியவருடையது அல்ல.

கல்யாணமாகிப் பெரிய வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணின் கதை. பாதிக்கு மேல் ஓரிடத்தில் அவள் மாலையில் விருந்தாளிகளுக்காகக் காப்பிக் கொட்டை வறுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால் வேறொரு ஊரில் வாடகை அறையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் போனாள், எப்போது போனாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த மாத மடலில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதன் கடைசி வரிகள் இவை: 'அவள் ஏன் போனாள் என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாததுதான் இந்த நாவலின் உயரம். ஒரு வீட்டைவிட்டுப் போகிறவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.'

மடலை அப்போது ஸ்டென்சில் தாளில் கையால் எழுதி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பிரதி எடுப்போம். ஊசிமுனைப் பேனாவால் எழுதிக் கொடுத்தவர் மரகதம் டீச்சர். டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். தொடக்கப் பள்ளியில் வேலை. முப்பது வயதைத் தாண்டியிருப்பார். அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்து. ஸ்டென்சிலில் தவறு செய்தால் சிவப்பு மருந்தைத் தடவி, காய்ந்த பிறகு அதன் மேல் எழுத வேண்டும். டீச்சருக்கு நான் கொடுத்த மருந்துப் புட்டி மாதக்கணக்கில் திறக்காமலே இருந்தது.

சனிக்கிழமை ஸ்டென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தவர், வழக்கம் போல உடனே கிளம்பவில்லை.

"சார், கடைசி வரி நீங்க எழுதினதா, புஸ்தகத்துல இருக்கறதா?"

"நான் எழுதினதுதான். ஏன் டீச்சர், அதிகமா இருக்கா?"

"இல்ல. இருக்கட்டும். அந்தப் புஸ்தகத்தக் குடுங்க."

அடுத்த சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறக்காமலே பேசினார்.

"இங்க வந்த நாள்லேர்ந்து குழாயடியில கேக்குறாங்க சார். பெங்காலி அக்கா 'ஆத்மி கிதர் ஹை?'ங்குது. நம்ம ஆளுங்க 'வீட்டுக்காரர் எங்க இருக்காரு?'ங்குறாங்க. பாஷை மட்டுந்தான் வேற. ஒண்ணாங்கிளாஸ் புள்ள கூடக் கேட்டுருச்சு. கேக்கக் கூடாதுன்னு ஒருத்தர் எழுதி, அத என் கையாலயே எழுதிக் குடுத்திருக்கேன். வீட்டுச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கேன்."

"எதை?"

"மடலைத்தான். வேற எத?"

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். ஜன்னலோர மேசையில் உட்காருவார். படித்த நாவலைப் பற்றி என்னோடு வாதாடுவார். நான் பாராட்டிய இரண்டு நாவல்களை, "இதுல வர்ற பொம்பளைங்க எல்லாம் பேசறதுக்கு முன்னாடி அழுதுடுறாங்க, தண்ணிப் பஞ்சமே இல்லாத ஊரு போல" என்று தள்ளிவிட்டார். அவர் சொன்னது சரி. இந்த ஊரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு மறுத்துப் பேச ஒரு ஆள் இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். என் நாட்குறிப்பில் வானிலை, ஜஹாஸ் வருகை, படித்த பக்கங்கள் இவ்வளவுதான் இருக்கும். அந்த ஐந்து மாதச் சனிக்கிழமைகளில் மட்டும் 'டீச்சர் வந்தார்' என்று ஒரு வரி அதிகமாக இருக்கிறது. மழையால் வராத இரண்டு சனிக்கிழமைகளில் 'வரவில்லை' என்று இருக்கிறது.

ஒரு புதன்கிழமை, அலுவலகம் விட்டுப் போகும்போது பாய் கடையிலிருந்து கூப்பிட்டார்.

"அரே சார், ஒரு மினிட் வாங்க. மெட்ராஸ்லேர்ந்து லாந்தர் கண்ணாடி வந்துச்சு. சுத்தியிருந்த காகிதத்தப் பிரிச்சா இந்தப் பொண்ணு. இது உங்க புஸ்தகத்துப் பொண்ணுதானே?"

கசங்கிய மூன்று தாள்களைக் கையால் நீவி மேசையில் வைத்தார். படத்தில் இருந்தது அவளேதான். விருந்தாளிகள் நடுவில் காப்பித் தட்டோடு நின்றாள்.

"எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?"

"க்யா சார், தையல் போடுறப்ப ஐம்பது தடவ பாத்த மூஞ்சி. என் மச்சான் மூஞ்சி மறந்தாலும் இது மறக்காது."

முதல் தாளின் தலையில் கொட்டை எழுத்தில் 'அத்தியாயம் 23' என்று இருந்தது.

"மேலே எண் போட்டிருக்கே. நம்ம புத்தகத்துல எந்த அத்தியாயத்துக்கும் எண் இல்லையே."

"எப்படி இருக்கும்? மேல் ஓரம் பூராப் பூஞ்சை புடிச்சுக் கறுத்துக் கெடந்துச்சு. உங்க பொருளாளரு சமமா வெட்டுன்னாரு, வெட்டினேன். நம்பரு வேணும்னா நம்பர விட்டுட்டு வெட்டுன்னு சொல்லணும்." என் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், காணாமப் போனது கெடைச்சா சந்தோஷப்படுவாங்க. நீங்க என்னமோ மய்யத்து கெடக்குற வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

பொருளாளரிடம் விசாரித்தேன். நான் ஊரில் இருந்தபோது ஒரு ஜஹாஸில் தபால் பை ஒன்று வந்து சேரவில்லை. அந்த வாரத்து இதழ் போர்ட் பிளேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. தொடரைப் படித்த எல்லோருக்கும் நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனது தெரியும். "அது எப்பவும் நடக்கிறதுதானே, இதையெல்லாம் யாரு சொல்லிக்கிட்டிருப்பாங்க?" என்றார். ஊருக்கே தெரிந்த ஓட்டையை, பக்கம் எண்ணுவதில் பெயர் வாங்கிய நான் ஒருவன்தான் இலக்கியம் என்று எழுதியிருக்கிறேன். எண்ணியிருக்கலாம். பத்திரிகைப் பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்காது என்பது உண்மை. ஆனால் அதனால் நான் எண்ணாமல் விடவில்லை. அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை யாரும் சரிபார்ப்பதில்லை.

இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் எல்லாம் விளக்கமாக இருந்தது. காப்பி வரத் தாமதமாகிறது. விருந்தாளிகள் முன்னால் கணவன் அவளை அறைகிறான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் காப்பி குடிக்கிறார்கள். மறுநாள் காலை அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்புகிறாள். நடுவில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஆசிரியரின் உபதேசம்.

மடல் அந்த வாரமே சைக்ளோஸ்டைல் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமைப் படகில் வடக்கே ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் போக வேண்டிய பிரதிகள் இருந்தன. ஸ்டென்சிலுக்கான தாள்களை மறுநாள் காலையில் டீச்சருக்கு அனுப்பியாக வேண்டும். திருத்தம் போடுவதா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. தவறு அச்சில் போனால் திருத்தமும் அச்சில் போக வேண்டும். இன்றும் அதே கருத்துதான். நான்கு முறை எழுதிக் கடைசியில் இப்படி முடித்தேன்: 'இந்த நாவலில் நாயகி வீட்டைவிட்டுப் போனதற்குக் காரணம் சொல்லப்படவில்லை என்று இப்பகுதியில் எழுதியது தவறு. நமக்குக் கிடைக்காமல் போன இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.'

சுவரில் ஒட்டியிருந்த மடல் எனக்கு நினைவில்லாமல் இல்லை. பள்ளி தொடங்கும் நேரத்தில் வாசலில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் நேரில் சொல்லியிருக்கலாம். குடும்பம் மெயின்லேண்டில் இருக்கிற ஆள், தனியாக இருக்கும் டீச்சருக்காகப் பள்ளி வாசலில் நின்றான் என்று பேச்சு வரும். அவருக்குத்தான் கெட்ட பெயர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்ட அறிவிப்புக்கும் புதிய புத்தகப் பட்டியலுக்கும் நடுவில் திருத்தத்தைச் செருகி, உறையில் போட்டு, பியூனிடம் கொடுத்தனுப்பினேன். நடுவில் செருகினால் கண்ணில் படாது என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக அதை எழுதப் போகிறவரே அவர்தான்.

ஸ்டென்சில் அன்று மாலையே பியூன் கையில் திரும்பி வந்தது. அவர் தானே கொண்டுவராதது அதுதான் முதல் தடவை. திருத்தம் எழுத்துப் பிசகாமல் இருந்தது. 'தவறு' என்ற சொல்லின் கீழே மட்டும் சிவப்பு மருந்து தடவியிருந்தது. முதலில் வேறு என்னவோ எழுதி, அழித்துவிட்டு, அதன் மேல் 'தவறு' என்று எழுதியிருந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அடியில் இருந்ததைப் படிக்க முடியவில்லை.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். கையில் அந்தப் பைண்டு புத்தகம். ஜன்னலோரம் போகாமல் என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்தார்.

"நேர்ல சொல்லியிருக்கலாமே சார். காகிதத்துலதான் சொல்லணுமா?"

"சொல்லியிருக்கணும் டீச்சர்."

"செவுத்துலேர்ந்து எடுத்துட்டேன். பசை காஞ்சு போச்சு, பாதிதான் வந்துச்சு." கொஞ்சம் சிரித்தார். "அந்த அத்தியாயம் வேணாம். படிக்கல. நீங்க படிச்சீங்கல்ல, அது போதும். காரணம் பெரிய காரணமா?"

எதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும் என்பது என் வழக்கம். அன்று அந்த வழக்கம்தான் முந்திக்கொண்டது.

"பெரிசா ஒண்ணும் இல்ல டீச்சர். சாதாரணமா வீடுகள்ல நடக்கறதுதான். நாலு பேர் முன்னாடி கை நீட்டிடறான்."

டீச்சர் புத்தகத்தின் அட்டையை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார்.

"அப்ப என்னோடது மாதிரிதான்" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தபடியே இருந்தார். எதிரே சுவர்க்கடிகாரம். மணி ஆறு நாற்பது. வேறு வாசகர்கள் இல்லை. வெளியே மழை விட்டிருந்தது. கேட்கக் கூடாது என்று எழுதியவன் கேட்பானா என்று அவர் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் கழித்துப் புரிந்தது அல்ல. அப்போதே, அந்த நாற்காலியில் இருக்கும்போதே புரிந்தது. 'என்ன நடந்தது?' என்று இரண்டு வார்த்தைகள். ஒரு வார்த்தை போதும். 'சொல்லுங்க.'

நான் வாசகர் பதிவேட்டைத் திறந்தேன்.

"புத்தகத்தை மறுபடியும் புதுப்பிக்கட்டுமா டீச்சர்? இன்னியோட தவணை முடியுது."

அவர் பதிவேட்டைப் பார்த்தார்.

"டீக் ஹை சார். போடுங்க" என்றார்.

புதிய தேதியை எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அன்றைய நாட்குறிப்பில் 'மாலையில் மழை விட்டது. டீச்சர் வந்தார்' என்றுதான் இருக்கிறது. சரியான பதிவு. அதில் ஒரு சொல் பிழை இல்லை.

அடுத்த மாதம் ஸ்டென்சில் எழுத வேறு ஒருவர் வந்தார். மரகதம் டீச்சர் மாயாபந்தர் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அவர்தான் சொன்னார். நான் கடிதம் எழுதவில்லை. தவணை தாண்டினால் மூன்றாவது வாரம் நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது என் விதி. உயர் அதிகாரிகளுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவருக்கு மட்டும் அனுப்பவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே திரும்பி வந்த தேதிக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. தணிக்கையில் இரண்டு முறை கேட்டார்கள். 'வாசகரிடம் உள்ளது' என்றே பதில் கொடுத்தேன்.

இதிலிருந்து நீங்கள் பக்கங்களை எண்ண வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நான் வருத்தப்பட மாட்டேன். எண்ணுங்கள். பைண்டுக்குக் கொடுக்கும்போது அத்தியாய எண்ணை விட்டு வெட்டச் சொல்லுங்கள். பாய் இப்போது இல்லை, கடையில் அவர் மருமகன் இருக்கிறார். அவரிடமும் சொல்லுங்கள். ஒரு நாவலில் உங்களை மிகவும் கவர்ந்த இடத்தை மறுபடி ஒரு முறை சந்தேகத்தோடு படியுங்கள். திருத்தம் போட வேண்டி வந்தால் போடுங்கள். ஆனால் அந்தத் தவறை நம்பி யாராவது இருந்தால், அச்சுக்குப் போகும் முன் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். ஊர் பேசினால் பேசட்டும்.

நாவலில் ஒரு பாத்திரம் பேசாமல் இருந்தால் நாம் பாராட்டலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் பாத்திரம் அல்ல. நான் எழுத்தில் புகழ்ந்த மௌனத்தையே அன்று மேசையிலும் கடைப்பிடித்தேன் என்று பல வருடம் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டும் ஒன்றல்ல. அன்று நான் பயந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த அறையில் என்னை மறுத்துப் பேச யாரும் வரவில்லை. நான் எழுதியதெல்லாம் நன்றாக இருப்பதாகவே எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

புத்தகம் அவரிடம் இருக்கிறது. இருபத்து மூன்றாம் அத்தியாயம் என்னிடம் இருக்கிறது. மாதக் கடைசி ஜஹாஸில் நான் ஊருக்குப் போகிறேன். தாள்களை எடுத்துப் போக எனக்கு உரிமை இல்லை. அவை நூலகத்துச் சொத்து. அதனால்தான் பதினோராவது இனம்.

என்றாவது அந்தப் புத்தகம் வடக்கிலிருந்து வரும் படகில் திரும்பி வந்தால், தாள்களை எடுத்து உடனே ஒட்டிவிடாதீர்கள். கொண்டுவந்தவர் டீச்சராக இருந்தால் உட்காரச் சொல்லுங்கள். ஒட்டலாமா என்று அவரைக் கேளுங்கள். அதற்கு முன்னால் நான் கேட்காததைக் கேளுங்கள். பதிவேட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.